கைதிக்கு ஒரு விலாசம்

பெரம்பலூர்
12-5-1976

அன்புள்ள அண்ணனுக்கு அம்சவள்ளி எழுதிக்கொண்டது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அண்ணி, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும். சுகமில்லாதவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நேற்று காசியைப் பார்த்தேன். ஜெயிலில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி ஒன்பது நாள் ஆகிறதாம். நமக்கு யாரும் சொல்லவில்லை. முகமும் காலும் வீங்கி, நம் தம்பி என்று நானே இரண்டாம் தடவை பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வீங்கின காலில் சங்கிலி போட்டுக் கட்டிலோடு பூட்டியிருக்கிறார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது, ஆடியைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். வயிற்றில் துளை போட்டு நீர் இறக்குகிறார்கள். போதும், என்னை விடுங்கள் என்று காசி சொல்லியிருக்கிறான். வேண்டாமென்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இல்லையாம். மிசா கைதியின் உடம்பு சர்க்கார் பொறுப்பாம், அவன் கையெழுத்து செல்லாதாம்.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “அக்கா, நம்ம வூட்டுல சாவணும். ஆஸ்பத்திரில செத்தா ஊருக்குள்ள விடமாட்டாங்க” என்றான். நம் சின்னய்யாவை எல்லைக் கல் பக்கம் புளியமரத்தடியில் கிடத்தி, வீட்டு வாசலைக்கூடக் காட்டாமல் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனதை அவன் மறக்கவில்லை. வெளியில் போன உயிருக்கு ஊருக்குள் இடமில்லை என்று அன்றைக்குச் சொன்னவர்களில் நீங்களும் ஒருவர்.

பரோலுக்கு மனுப் போடலாமாம். அவன் வந்து தங்குவதற்கு இன்ன ஊரில் வீடு இருக்கிறது என்று அந்த ஊர் முன்சீப் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஊர் முன்சீப் நீங்கள். இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

அம்சவள்ளி

*

கருங்குழிக்காடு
செந்துறை வழி
20-5-1976

சௌபாக்கியவதி அம்சவள்ளிக்கு ஆசீர்வாதம். நம் குலதெய்வம் புண்ணியத்தில் இங்கு யாவரும் சௌக்கியம். ஆவணியில் மூத்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை அரும்பாவூர், கூட்டுறவு சொசைட்டியில் வேலை.

உன் கடிதம் வந்தது. உடன்பிறந்தவன் படும் பாட்டைக் கேட்டு எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது. இந்தக் கிராமத்தில் என்ன இருக்கிறது? இங்கே கொண்டுவந்து சாகடித்தால் ஊர் நம்மைத்தான் பேசும். இந்த மனுவெல்லாம் வேண்டாம்.

அவன் பேரில் உள்ள கேஸ் என்ன மாதிரி கேஸ் என்று உனக்குத் தெரியும். அரியலூரில் பிரஸ் வைத்தவன் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை அடித்துப் பிழைத்திருக்கலாம். சர்க்காரைத் திட்டி நோட்டீஸ் அடித்தான். நான் சர்க்கார் சேவகன். அப்பாவுக்குப் பிறகு இந்த முன்சீப் வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறேன். என் ரிக்கார்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது, ஒரு பொய்யும் கிடையாது.

இப்போது கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். நீயும் பள்ளிக்கூட வேலையில் இருப்பவள். யோசித்து எழுது. விபூதி வைத்திருக்கிறேன், அவனுக்குப் பூசிவிடு.

இப்படிக்கு
அய்யம்பெருமாள்

*

பெரம்பலூர்
24-5-1976

அண்ணனுக்கு. கல்யாணச் சேதி கேட்டுச் சந்தோஷம். இங்கே சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிரித்துப் படிக்கட்டும். படிக்கிறவருக்கும் வீட்டில் அண்ணன் தம்பி இருப்பார்கள்.

அரியலூர் வக்கீல் ஜமால் முகமதுவைப் போய்ப் பார்த்தேன். பீஸைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். மிசாவில் இருப்பவனுக்குக் கோர்ட் வாசல் கிடையாது என்று போன மாதம் டில்லி பெரிய கோர்ட்டே சொல்லிவிட்டதாம். என்ன குற்றம் என்று கேட்கவும் வழியில்லை, சாகும்போது வீட்டுக்குப் போகிறேன் என்று உரிமையாகக் கேட்கவும் வழியில்லை. “சர்க்கார் மனசு வச்சாத்தாம்மா உண்டு. அதுக்கு உங்க அண்ணன் மொதல்ல மனசு வைக்கணும்” என்றார். முன்பின் தெரியாத மனிதர் இதைச் சொல்லும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜாமீன் பொறுப்புக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கும் சம்பளம் சர்க்கார்தான் தருகிறது. உங்கள் மாப்பிள்ளை இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தையல் மெஷினோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

உங்களைப் பணம் கேட்கவில்லை. பொய் எழுதவும் கேட்கவில்லை. அப்பா கட்டின வீடு இருக்கிறது, அது இன்னும் பாகம் பிரிக்கவில்லை, அதில் காசிக்கும் பங்கு உண்டு என்ற உண்மையைத்தான் எழுதச் சொல்கிறேன். விபூதி வேண்டாம், திருப்பி அனுப்பியிருக்கிறேன். சர்டிபிகேட் அனுப்புங்கள்.

அம்சவள்ளி

*

கருங்குழிக்காடு
2-6-1976

அம்சவள்ளிக்கு. எல்லோரும் நலம். மழை இல்லை.

சொந்த ரத்த உறவுக்கு முன்சீப் சர்டிபிகேட் கொடுக்கக் கூடாது என்பது விதி. வேண்டுமானால் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தைக் கேட்டுப் பார். அவர் வெளியூர் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது. சர்டிபிகேட் இல்லாமலும் மனுப் போடலாம், மேலே உள்ளவர்கள் விசாரித்துக்கொள்வார்கள்.

திருப்பி அனுப்பிய விபூதியைப் பார்த்து உன் அண்ணி அழுதாள். கல்யாணத்துக்கு வருவாய் என்று நினைக்கிறேன். வந்தால் இந்தப் பேச்சை எடுக்காதே.

அய்யம்பெருமாள்

*

பெரம்பலூர்
19-6-1976

அண்ணனுக்கு.

சர்டிபிகேட் இல்லாமலே மனுப் போட்டோம். நேற்று பதில் வந்தது. தள்ளுபடி. காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் எழுதின தாள் ஒன்றை அப்படியே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு ஞாபகம் வருகிறதா என்று பாருங்கள்:

“மேற்படி காசிநாதன் என்பவர் பத்து வருஷ காலமாக இக்கிராமத்தில் வசிக்கவில்லை. அவருக்கு இக்கிராமத்தில் வீடு வாசலோ, ரேஷன் கார்டோ, அவரை ஏற்றுக்கொள்ளும் குடும்பமோ இல்லை. எனக்கும் அவருக்கும் எவ்விதப் போக்குவரத்தும் கிடையாது. 3-3-1976. கிராம முன்சீப்.”

ரத்த உறவுக்கு எழுதக் கூடாது என்ற விதி மார்ச் மாதத்தில் இல்லையா?

வக்கீல் ஆபீஸில் இதைப் படித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பஸ்ஸை விட்டேன். ஊரில் வீடு இல்லாதவனைப் பரோலில் எங்கே அனுப்புவது என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். அவன் வீட்டை இடித்தது அவர்கள் இல்லையே.

நான் ஒன்று சொல்கிறேன். போலீஸ் அவனைப் பிடித்தது. சங்கிலியை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஆனால் பூட்டினது நீங்கள். இதற்கு என்ன பதில் எழுதப்போகிறீர்கள் என்று பார்க்கிறேன்.

அம்சவள்ளி

*

(தபால் கார்டு)
பெரம்பலூர்
5-7-1976

அண்ணனுக்கு. பதினாறு நாளாகப் பதில் இல்லை. மூடின கடிதத்துக்கு வாய் திறக்க மாட்டீர்கள் போலிருக்கிறது. இனிமேல் கார்டில்தான் எழுதுவேன். உங்கள் ஊர்த் தபால்காரர் முத்துசாமி வழியெல்லாம் படித்துக்கொண்டு வருவார். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்தும் சொல்வார். முன்சீப் தன் தம்பிக்கு வீடில்லை என்று எழுதிக் கொடுத்தார் என்பதை ஊரும் தெரிந்துகொள்ளட்டும். காசிக்கு நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது. அம்சவள்ளி.

*

கருங்குழிக்காடு
9-7-1976

அம்சவள்ளிக்கு.

கார்டு எழுதாதே. டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றுபோகிறது. உனக்கு இப்போது திருப்திதானே?

கேள். பிப்ரவரியில் அவனைப் பிடித்தார்கள். மார்ச்சில் ஜீப் நம் வாசலுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து அப்பா படத்துக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவன் இங்கே என்ன ஒளித்து வைத்திருக்கிறான், யார் யார் வந்து போனார்கள், தம்பி வேறு அண்ணன் வேறா என்று கேட்டார். கல்யாணத்துக்கு இருக்கிற பெண் கதவுக்குப் பின்னால் நின்று நடுங்கினாள். ஒரு தாளை நீட்டினார். எழுதினேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. உன் வீட்டு வாசலில் ஜீப் நிற்கவில்லை.

எழுதினதில் பொய் என்ன? பத்து வருஷத்தில் ஒரு பொங்கலுக்கு வந்தானா? அறுப்புக் கூலித் தகராறில் நோட்டீஸ் அடித்தானே, அதில் மூன்றாவது வரியில் என் பெயர். பண்ணைக்காரர்களின் எடுபிடி முன்சீப் என்று சொந்தத் தம்பியே அச்சுக் கோத்தான். அரியலூர் சந்தையில் அந்த நோட்டீஸில் பொட்டுக்கடலை மடித்துக் கொடுத்தார்கள், நானே வாங்கினேன். அன்றைக்கு அவனுக்கு இந்த வீடு ஞாபகம் வரவில்லை. வாழ்வதற்கு வேண்டாத வீடு, சாவதற்கு மட்டும் வேண்டுமோ?

இப்போது போய், முன்னால் எழுதினது தப்பு என்று எழுதிக் கொடுத்தால் பொய் ரிப்போர்ட் கொடுத்தவன் என்று என் வேலை போகும். அதோடு விடுவார்களா, அவன் பக்கத்துக் கட்டிலில் என்னையும் போடுவார்களா, யார் கண்டது? ஆவணியில் கல்யாணம். என்னை விட்டுவிடு.

அய்யம்பெருமாள்

*

(ஆஸ்பத்திரி, கைதி வார்டு. சிறை முத்திரையுடன்)
15-7-1976

அண்ணனுக்குக் காசிநாதன் எழுதுவது. எழுதுவது நான் இல்லை, விரல் வீங்கிவிட்டது. சொல்கிறேன், காவலுக்கு இருக்கிற ஏட்டய்யா எழுதுகிறார். பிழை இருந்தால் அவருடையது.

அக்கா கோபமாக எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். நோட்டீஸில் உங்கள் பெயரைப் போட்டது நான்தான். இன்றைக்கு அடித்தாலும் போடுவேன், அதில் மாற்றமில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்களும் மார்ச் மாதத் தாளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். கணக்கு சரியாகிவிட்டது.

இங்கே (மூன்று வரி மை பூசி அழிக்கப்பட்டிருக்கிறது) அதனால் இனிமேல் ஊசியும் குழாயும் வேண்டாம் என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு போட்டார்கள். ஒரு மனுஷன் தன் சாவைக் கூடத் தானாகச் சாக முடியாமல் (ஒரு வரி அழிக்கப்பட்டிருக்கிறது).

உங்களிடம் கேட்பது இது. அப்பாவின் தகரப் பெட்டியில் பழைய ஜனன மரண ரிஜிஸ்தர் இருக்கும். 1938, ஐப்பசி மாதப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். நான் பிறந்ததை முன்சீப் என்கிற முறையில் அப்பாவே எழுதியிருக்கிறார். சின்னப் பையனாக இருக்கும்போது அதைத் திருடிப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகும் எனக்கு வீடு இல்லை என்றால் இல்லை. பிறகு உங்களுக்கு எழுத மாட்டேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு. கல்யாணப் பத்திரிகையை யாரிடம் கொடுத்து அடித்தீர்கள்? பார்த்துக் கொடுங்கள், அரியலூரில் பாதிப் பேருக்கு ஒற்று வராது.

காசிநாதன்

*

கருங்குழிக்காடு
22-7-1976

அம்சவள்ளிக்கு.

இத்துடன் சர்டிபிகேட் வைத்திருக்கிறேன். தாசில்தார் ஆபீஸில் நேற்று நேரில் ஒன்று கொடுத்துவிட்டேன். “3-3-76 தேதிய என் ரிப்போர்ட் தவறானது. மேற்படி காசிநாதன் என் உடன்பிறந்த தம்பி. கதவு எண் 14, பாகம் பிரியாத பூர்வீக வீடு, அவர் பிறந்த வீடு. அவரை வைத்துப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது” என்று எழுதியிருக்கிறேன். தாசில்தார் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வக்கீலிடம் சீக்கிரம் சேர்த்துவிடு. உன் அண்ணி ஆண்டாயி நடுவீட்டைக் கழுவி, கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறாள்.

அய்யம்பெருமாள்

*

பெரம்பலூர்
23-8-1976

அண்ணனுக்கு.

காரியம் முடியட்டும் என்று பதினாறு நாளும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நான்கு பேருக்கு முன்னால் உங்களைப் பேச எனக்கு மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பதினைந்து நாள் பரோல் ஆர்டர் ஆகஸ்டு ஐந்தாம் தேதி காலையில் கைக்கு வந்தது. உங்கள் சர்டிபிகேட் போய்ச் சேர்ந்து பதினான்கு நாளில். மே மாதமே கொடுத்திருந்தால் ஜூனில் வந்திருப்பான் என்று வக்கீல் சொன்னார். ஜூனில் அவன் உட்கார்ந்து கஞ்சி குடித்தான், பேசினான், சிரித்தான்.

வாடகைக் காரில் பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். ஏட்டய்யா முன்னால். அரியலூர் தாண்டும்போது அவன் பிரஸ் இருந்த தெருவைக் கேட்டான். தூக்கிப் பிடித்துக் காட்டினேன். பூட்டுத் தொங்கியது, பார்த்தான். செந்துறையில் காரை நிறுத்தி ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தேன். அது வாயோரமாக வழிந்து என் புடவையை நனைத்தது. ஏட்டய்யா திரும்பிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டிரைவரிடம் மெதுவாகப் போகலாம் என்றார்.

எல்லைக் கல்லருகே ஊரே நின்றது. ஊர்ப் பெரியவர் அரியமுத்து காருக்குக் குறுக்கே வந்து, “மூச்சு இருக்குதுங்களா மணியாரே? சொல்லிடுங்க” என்று உங்களைக் கேட்டார். நீங்கள் கதவைத் திறந்து தம்பியின் நெஞ்சில் கை வைத்தீர்கள். வெயிலில் வந்த உடம்பு, சூடாகத்தான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள். “இருக்கு. வழி விடுங்க” என்றீர்கள்.

கார் உள்ளே போயிற்று. நடுவீட்டில் கிடத்தினோம். அண்ணி பாலை எடுத்துக்கொண்டு வந்து ஊற்றினாள். பாவம், அவளுக்குத் தெரியாது.

இருக்கு என்கிற அந்த ஒரு வார்த்தையைத்தான் மூன்று மாதமாகக் கேட்டேன் அண்ணா. இருக்கும்போது வாயில் வராதது, இல்லாதபோது எப்படி வந்தது? நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

அம்சவள்ளி

*

கருங்குழிக்காடு
28-8-1976

அம்சவள்ளிக்கு. உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கு உயிரோடு இருக்கிறோம்.

நெஞ்சில் கை வைத்ததுமே எனக்குத் தெரியும். நீ முகத்தை மூடிக்கொண்டிருந்தாலும் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய் அது என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு மார்ச் மாதத் தாள் ஞாபகம் வந்தது. இது இரண்டாவது.

முன்சீப் வேலையில் இருந்து என்னைத் தற்காலிகமாக நீக்கி ஆர்டர் வந்துவிட்டது. முன்னுக்குப் பின் முரணாக ரிப்போர்ட் கொடுத்தேனாம். அரும்பாவூர்க்காரர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. புதன்கிழமை ரிஜிஸ்தர்களையெல்லாம் ஒப்படைக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

மரண ரிஜிஸ்தரில் அன்றைக்கே பதிந்துவிட்டேன். பெயர் காசிநாதன். வயது 37. இறந்த நேரம் மாலை 4-40. இறந்த இடம்: சொந்த வீடு. அப்பா 1938-ல் எழுதின அதே இரண்டு வார்த்தை. என் கையெழுத்து அப்பா கையெழுத்து மாதிரியே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தகவல் கொடுத்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். யாரையாவது கூப்பிட்டுப் போடச் சொல்லலாம், போடுவார்கள். ஆனால் கடைசி வரை கூட இருந்தவள் நீ. நீ போட்டால் அவன் வீட்டில் இறந்தவன். இல்லை, அது பொய் என்று நீ தாசில்தாருக்கு எழுதினால் அதுவும் உண்மைதான், நான் மறுக்க மாட்டேன்.

அய்யம்பெருமாள்

*

(தபால் கார்டு)
பெரம்பலூர்
30-8-1976

அண்ணனுக்கு. முதல் பஸ்ஸில் புதன்கிழமை வருகிறேன். ரிஜிஸ்தரை வாசலுக்குக் கொண்டுவந்து வைக்கவும். பேனா நான் கொண்டுவருவேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். எனக்குச் சோறு வைக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லவும். அம்சவள்ளி.